பூர்வீக வீடு விற்பனை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை அருகே 18 சென்ட் இடத்தில் எங்கள் பூர்வீக ஓட்டு வீடு இருக்கிறது. நடுமுற்றம், அயினி மரத் தட்டு (பலகை மச்சு), மரத்தூண்கள் எல்லாம் உண்டு. ‘இடித்துவிட்டு வெறும் இடமாகக் கொடுத்தால் சீக்கிரம் விற்கும்’ என்கிறார் புரோக்கர். இடிக்கலாமா?

பதில்: இடிக்காதீர்கள். வீடாகவே வாங்கிக் குடியிருக்க நினைப்பவர்களுக்கு முதலில் காட்டுங்கள். அதற்கு முன்னால், நம்பிக்கையான ஓர் ஆசாரியை அழைத்துத் தட்டுப்பலகை, உத்தரம், தூண், கதவு நிலை எல்லாவற்றையும் அளக்கச் சொல்லி, தேக்கு எத்தனை கன அடி, அயினி எத்தனை, பலா எத்தனை என்று தனித்தனியே எழுதி வாங்குங்கள். இந்தக் கணக்கு உங்கள் கையில் இல்லாததால்தான் மர வியாபாரி மொத்தமாக ஒரு தொகையைச் சொல்லி முடித்துவிடுகிறார். இடத்தின் விலையோடு மரத்தின் விலையையும் கூட்டி, அதற்குக் கீழே இறங்காதீர்கள்.

பணம் செலவழிப்பதாக இருந்தால் கூரைக்குச் செலவழியுங்கள். இரண்டு சரிவுகள் கூடுகிற மூலையில் இருக்கும் தகரப் பாத்தி துருப்பிடித்து ஓட்டையானால், தண்ணீர் நேராகக் கழுக்கோலின் (ஓட்டைத் தாங்கும் சாய்வுச் சட்டம்) அடிமுனையிலும் உத்தரத்திலும் இறங்கும். அங்கே ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மரம் மெத்தென்று உள்வாங்கினால் அந்தத் துண்டை மாற்றியே ஆக வேண்டும். உடைந்த ஓடுகளை மாற்றும்போது அதே அச்சு ஓடு வேண்டும். வேறு கம்பெனி ஓட்டின் பள்ளமும் மேடும் பொருந்தாமல் இடைவெளி விழும், காற்றோடு வரும் மழை அதன் வழியே உள்ளே புகும். மாட்டுத்தொழுவத்துக் கூரையில் அதே ஓடு கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் சிமென்ட் பூசாதீர்கள். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்து, பூச்சு உப்பி, பாளம் பாளமாக விழும். சுண்ணாம்பாலேயே ஒட்டுப் போடுங்கள். மரத்துக்கு எனாமல் பெயின்ட்டும் வேண்டாம். விவரம் தெரிந்தவர் அதற்கடியில் சிதல் (கரையான்) அரித்ததை மறைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) பெய்யும்போதே வீட்டைத் திறந்து காட்டுங்கள். ஒழுகாத ஓட்டு வீட்டை மழையில் பார்த்தவர் கூரையைச் சொல்லி விலை குறைக்க முடியாது.

கேள்வி: நாங்கள் கிறிஸ்தவர்கள். அப்பா உயில் எழுதாமல் 1972-இல் இறந்தார். அம்மாவும் இப்போது இல்லை. கல்யாணத்தின்போது ஸ்ரீதனம் (சீதனம்) கொடுத்துவிட்டதால் அக்காமாரின் கையெழுத்து தேவையில்லை என்கிறார் அண்ணன். சரியா?

பதில்: சரியல்ல. அண்ணன் மனதில் இருப்பது 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம். அதில் மகனின் பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. ஆனால் 1951 ஏப்ரல் 1 முதல், பழைய திருவிதாங்கூரில் இருந்த நம் பகுதிக்கும் இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்று மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986-இல் தீர்ப்பளித்துவிட்டது. அதன்படி அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மகன்களுக்கும் மகள்களுக்கும் சமம். அம்மாவும் உயில் எழுதவில்லை என்றால் அவர் பங்கும் அப்படியே பிரியும்.

அக்காமார் கிரயப் பத்திரத்தில் சேர்ந்து கையெழுத்திட வேண்டும், அல்லது முன்கூட்டியே தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். ‘எங்களுக்கு ஒன்றும் வேண்டாம்’ என்று வாயால் சொன்னது வாங்குகிறவரின் வக்கீலிடம் செல்லாது. அக்கா ஒருவர் இறந்திருந்தால் அவருடைய வாரிசுகளும் வர வேண்டும். அக்காமாருக்குப் பணமாகக் கொடுக்கப்போவது எவ்வளவு என்பதை வீட்டைக் காட்டத் தொடங்கும் முன்பே பேசி முடியுங்கள். அட்வான்ஸ் வாங்கிய பிறகு தொடங்கும் சண்டைதான் கோர்ட்டுக்குப் போகிறது.

கேள்வி: மூலப் பத்திரம் மலையாளத்தில், கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டு) 1115 என்று இருக்கிறது. இது போதுமா?

பதில்: ஆவணி முதல் டிசம்பர் வரை எழுதியதானால் 824-ஐயும், ஜனவரி முதல் ஆடி வரை எழுதியதானால் 825-ஐயும் கூட்டுங்கள். உங்களுடையது 1939 அல்லது 1940. நல்ல மொழிபெயர்ப்பு ஒன்று எடுத்து வையுங்கள். அதில் இருப்பது பழைய சர்வே எண். இன்றைய பட்டாவில் இருப்பது மறுஅளவை எண். இரண்டும் ஒரே இடம்தான் என்று காட்டும் ஆவணத்தை வருவாய்த் துறையில் கேட்டு வாங்குங்கள். பட்டாவில் பரப்பு ஏரில் இருக்கும். 1 ஏர் சுமார் 2.47 சென்ட், ஆக 18 சென்ட்டுக்கு 7.28 ஏர் வர வேண்டும். குறைந்தால் சர்வேயரை வைத்து அளந்துவிட்டு விலை பேசுங்கள்.

கேள்வி: தோட்டத்து மூலையில் எங்கள் குடும்பத் தெய்வமான மாடன் சாமியின் பீடம் இருக்கிறது. அதை என்ன செய்வது?

பதில்: விற்பனையிலிருந்து விலக்கிவிடுங்கள். பீடத்துக்கும் கொடை (சாமி திருவிழா) நாளில் ஆட்கள் போய்வரும் பாதைக்கும் உட்பிரிவு செய்து, பாதையின் நீள அகலத்தைப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் அடிக்கணக்கில் எழுதுங்கள். ‘வழக்கம்போல் கும்பிடலாம்’ என்று வாயால் பேசி விட்டால், அடுத்து வாங்குகிறவர் மதில் கட்டிவிடுவார். குடும்பக் கல்லறை இருந்தாலும் இதேதான்.

கேள்வி: தம்பி துபாயில் இருக்கிறான், வர முடியாது.

பதில்: அங்குள்ள இந்தியத் தூதரக அலுவலகத்தில் பவர் பத்திரத்தில் கையெழுத்திட்டுச் சான்று பெற்று அனுப்பட்டும். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை செலுத்திவிடுங்கள். அவன் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால், அவன் பங்குத் தொகையில் வாங்குகிறவர் வரி பிடித்தம் செய்ய வேண்டும். 50 லட்சத்துக்குக் குறைவு என்றால் பிடித்தம் இல்லை என்ற விலக்கு அவனுக்குக் கிடையாது. இதை அட்வான்ஸ் வாங்கும் முன்பே வாங்குகிறவரிடம் சொல்லிவிடுங்கள்.