முக்கொம்பு, வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, கல்லணை: ஒரே நாளில் மூன்றும் வேண்டாம்

கேள்வி: சென்னையிலிருந்து அரையாண்டு விடுமுறையில் திருச்சிக்கு வருகிறோம். 9, 12 வயதில் இரண்டு பிள்ளைகள், கூட 68 வயது மாமியார். பிள்ளைகளுக்குப் பறவை, பூச்சி என்றால் சாப்பாடுகூட வேண்டாம். முக்கொம்பு, ஸ்ரீரங்கம் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, கல்லணை மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா? ஆற்றில் குளிக்க விடலாமா? பைனாகுலர் அவசியமா, வாங்கினால் எது வாங்குவது?

பதில்: முடியும். கார் இருந்தால் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பி, மூன்றையும் தொட்டுவிட்டு, இருட்டுவதற்குள் அறைக்குத் திரும்பிவிடலாம். நிறையப் பேர் அப்படித்தான் போகிறார்கள். அப்புறம் என்னைப் பார்க்கும்போது, "அங்க ஒண்ணுமே இல்லையே சார், ஊஞ்சலும் மரமுந்தான் இருக்கு" என்கிறார்கள். அவர்கள் முக்கொம்புக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை, பறவைகள் ஒதுங்கிவிட்ட நேரம். வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குப் போனது சாப்பிட்டபின், வெயில் உச்சியில். கல்லணையில் இறங்கியது செல்ஃபி எடுக்கும் கூட்டத்தோடு கூட்டமாக. இடத்தின் மேல் தப்பில்லை, போன நேரம்தான் தப்பு.

ஆகவே இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் காலை முக்கொம்பு, அங்கிருந்து நேராக வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, மதியம் அறையில் தூக்கம். மறுநாள் பிற்பகல் கல்லணை. ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் கல்லணையை விட்டுவிடுங்கள் என்பேன். தஞ்சாவூர்க்காரர்கள் என்னைத் திட்டுவார்கள், பரவாயில்லை.

மூன்று இடங்களும் தனித்தனி இல்லை என்பதைப் பிள்ளைகளுக்குக் கிளம்பும் முன்பே ஒரு தாளில் வரைந்து காட்டிவிடுங்கள். திருச்சிக்கு மேற்கே சுமார் 18 கிலோமீட்டரில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்குக் கிளை காவிரி, வடக்குக் கிளை கொள்ளிடம். வருவது ஒன்று, போவது இரண்டு, ஆக மூன்று கொம்பு. கிழக்கே கல்லணைக்குப் பக்கத்தில் இரண்டும் மறுபடி நெருங்கி வருகின்றன. நடுவில் மாட்டிக்கொண்ட நிலம்தான் ஸ்ரீரங்கம் தீவு. முக்கொம்பு அதன் தலை, கல்லணை அதன் வால், வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இடையில். இந்தப் படம் மனதில் இருந்தால் எந்தப் பாலத்தில் நின்றாலும் "இது காவிரியா, கொள்ளிடமா?" என்று கேட்க 12 வயதுப் பிள்ளைக்கு ஒரு வேலை கிடைத்துவிடும்.

இதற்குள் ஒரு கதையும் இருக்கிறது. கொள்ளிடத்தின் படுகை காவிரியைவிடத் தாழ்வு, சரிவும் அதிகம். சும்மா விட்டால் தண்ணீர் அந்தப் பக்கமே ஓடிவிடும், காவிரி மணல் மேடாகிவிடும், தஞ்சைக்குத் தண்ணீர் போகாது. 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் நிலைமை அப்படித்தான் ஆகிக்கொண்டிருந்தது. 1836இல் ஆர்தர் காட்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்ட ஆரம்பித்தது அதற்காகத்தான். அந்தப் பழைய அணையின் 9 மதகுகள் 2018 ஆகஸ்ட் 22 அன்று வெள்ளத்தில் இடிந்து விழுந்தன. பிறகு பக்கத்திலேயே புதிய கதவணை கட்டினார்கள்.

சரி, முக்கொம்பு. சென்னையிலிருந்து மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் வந்தால் விடியுமுன்பே திருச்சியில் இறங்கிவிடுவீர்கள். காபி குடித்துவிட்டு அப்படியே கரூர் சாலையைப் பிடியுங்கள். ஆறு வலப்பக்கம் வரும். சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து பஸ்ஸும் உண்டு, ஆனால் பாட்டியோடு விடிகாலையில் என்றால் கார்தான் வசதி. முக்கொம்பில் உள்ள பூங்காவின் கதவு எப்போது திறக்கும் என்பதை முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். சீக்கிரமே போய்விட்டாலும் நஷ்டமில்லை, நீங்கள் பார்க்க வந்தது கதவுக்கு வெளியிலும் இருக்கிறது.

பிள்ளைகள் ஊஞ்சலைப் பார்ப்பதற்கு முன் தண்ணீர் தெரிகிற ஒரு நிழலில் எல்லோரும் உட்கார்ந்துவிடுங்கள். அரை மணி நேரம், நடக்க வேண்டாம். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு, கற்பாறை என்று நினைத்தது கழுத்தை நீட்டும்: சாம்பல் நாரை. மதகுச் சுவரில் இறக்கையை விரித்துக் காயப்போட்டுக்கொண்டு ஒரு கறுப்புப் பறவை நிற்கும்: நீர்க்காகம். அதே போல நின்று, கழுத்து மட்டும் பாம்பு மாதிரி வளைந்திருந்தால் பாம்புத்தாரா. டிசம்பரில் வடக்கிலிருந்து வந்த வாலாட்டிகளும் கரையோரம் ஓடிக்கொண்டிருக்கும். வெண்புருவ வாலாட்டி மட்டும் வருஷம் முழுக்க நம் ஊர்க்காரர்.

9 வயதுக்காரருக்குக் கறுப்பு வெள்ளை மீன்கொத்தியைக் காட்டுங்கள். தண்ணீருக்கு மேல் ஆளுயரம் ஏறி, அங்கேயே நின்றபடி இறக்கையை அடிக்கும். அலகு நேர் கீழே, தலை மட்டும் ஆணியடித்தது போல அசையாது, உடம்பு எல்லாம் நடுங்கும். ஐந்து எண்ணுவதற்குள் கல் விழுந்தது போல விழும். பத்தில் எத்தனை தடவை மீன் கிடைக்கிறது என்று குச்சியால் மண்ணில் கோடு போடச் சொல்லுங்கள். பக்கத்துக் கம்பியிலேயே நீல முதுகும் வெள்ளை நெஞ்சுமாக உட்கார்ந்திருக்கிற வெண்தொண்டை மீன்கொத்தி பெயரளவுக்குத்தான் மீன்கொத்தி. வெட்டுக்கிளி, ஓணான் என்று தரையில் கிடைப்பதைத்தான் அதிகம் தின்னும். நத்தைகுத்தி நாரை கண்ணில் பட்டால் அலகைப் பாருங்கள். மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். நத்தை தின்பதற்கென்று அமைந்த அலகு அது.

இன்னொன்று, செயலியை முதலிலேயே திறக்காதீர்கள். மெர்லின், ஐநேச்சுரலிஸ்ட் எல்லாம் நல்லவைதான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் பெயர் கிடைத்ததும் பிள்ளை பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. முதலில் நோட்டில் வரையட்டும், அலகு எவ்வளவு நீளம், காலின் நிறம் என்ன என்று எழுதட்டும். பெயரை மாலையில் தேடிக்கொள்ளலாம்.

ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறியதும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குக் கிளம்புங்கள். அங்கே அவசரமாக ஏழு மணிக்குப் போய்ப் பயனில்லை. வண்ணத்துப்பூச்சிக்கு உடம்பு சூடேறினால்தான் இறக்கை வேலை செய்யும். டிசம்பர்க் காலையில் அவை இலைமேல் இறக்கையை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருக்கும். ஒன்பதரை முதல் பதினொன்றரை வரை நல்ல நேரம். விடுமுறை நாள், கட்டணம் இரண்டையும் கேட்டுக்கொண்டு போங்கள்.

ஸ்ரீரங்கம் அருகே மேலூரில், வனத்துறையின் இடத்தில், சுமார் 25 ஏக்கரில் 2015இல் திறந்த பூங்கா இது. உள்ளரங்குக்குள் எப்போதும் கூட்டம், புழுக்கமும்கூட. பாட்டியை அங்கே நிறுத்த வேண்டாம். வெளியே செடிகள் நடுவே நடப்பதுதான் எனக்குப் பிடித்தது, பாதையும் சமமாக இருக்கும். எல்லோரும் பூவைப் பார்க்கிறார்கள். நீங்கள் இலையைப் பாருங்கள், அதுவும் அடிப்பக்கத்தை. ஒவ்வொரு வண்ணத்துப்பூச்சியும் முட்டையிடுவதற்கென்று சில செடிகளை வைத்திருக்கிறது. எருக்கு என்றால் வெந்தய வரியன். ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி என்றால் ரோஜா அழகி. கொன்றை என்றால் கொன்னை வெள்ளையன். அரளி இலையின் அடியில் எவர்சில்வர் கிண்ணம் போலப் பளபளவென்று ஏதாவது தொங்கினால் தொடாதீர்கள், அது வெண்புள்ளிக் கருப்பனின் கூட்டுப்புழு. அவ்வளவு மின்னுவதைப் பார்த்து யாரோ ஒட்டிவைத்த ஸ்டிக்கர் என்று நினைத்தவர்களும் உண்டு.

இதை வீட்டிலேயே தொடங்கிவிடலாம், கிளம்பும் முன்பே. மொட்டை மாடியில் கறிவேப்பிலைத் தொட்டி இருக்கும் இல்லையா? எலுமிச்சை அழகி அதில் முட்டையிடும், இளந்தளிரில், கடுகளவு, வெளிர் மஞ்சளாக. சின்னப் புழு கறுப்பும் வெள்ளையுமாகக் காக்கை எச்சம் போலவே இருக்கும். எச்சத்தைக் கொத்த எந்தக் குருவி வரும்? வளர்ந்து பெரிதாகும்போது பச்சையாகி இலையோடு கலந்துவிடும். ஒரு குச்சியால் மெதுவாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பு போல நீட்டிக் காட்டமான வாடையை விடும். "புழு வந்திருக்கு, மருந்தடி" என்று மாமியார் சொன்னால் பிள்ளைகளை விட்டுச் சமாதானம் செய்யுங்கள். பத்து இலை போனால் போகட்டும்.

பூங்காவில் காய்ந்த கிலுகிலுப்பைச் செடியிலோ, ஈரமான இடத்தில் முளைத்த தேள்கொடுக்கிலோ நீல வரியன்கள் கொத்தாக மொய்த்திருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். தேனுக்காக வந்த கூட்டம் இல்லை அது. பெரும்பாலும் ஆண்கள். பெண்ணைக் கவரும் வாசனையைத் தயாரிக்க அந்தச் செடியிலிருந்து ஒருவகை ரசாயனத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும். ஆற்றோரச் சேற்றில் வரிசையாக உட்கார்ந்து உறிஞ்சுவதும் அதே மாதிரி, உப்புச் சத்துக்காக. நீல வரியனும் வெண்புள்ளிக் கருப்பனும் வலசை போகிறவை. தென்மேற்குப் பருவமழைக்கு முன்பு மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே சமவெளிக்கு வந்து, ஐப்பசி வாக்கில் திரும்பிப் போகும் கூட்டங்கள். நம் மாநில வண்ணத்துப்பூச்சியான தமிழ் மறவனை இங்கே தேட வேண்டாம், அது மலைக்காட்டுக்காரன்.

இப்போது குளியல். முக்கொம்பிலும் கல்லணையிலும் கூடாது, கணுக்கால்கூட வேண்டாம். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மதகுக்குக் கீழே விழும் தண்ணீர் அடியை அரித்துப் பள்ளம் பறித்திருக்கும், மேலே அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் சுழன்றுகொண்டிருக்கும். மற்ற இடங்களில் மணல் அள்ளிய குழிகள். முழங்கால் தண்ணீரில் நிற்கிறவருக்கு அடுத்த இரண்டாவது அடியில் தலைக்கு மேல் தண்ணீர், வெளியிலிருந்து பார்த்தால் நிறத்தில்கூட வித்தியாசம் தெரியாது. பல வருஷங்களுக்கு முன் நானே ஒரு கொக்கைப் படமெடுக்கிற ஆர்வத்தில் அப்படி ஒரு குழியில் மார்பளவு இறங்கிவிட்டேன். கேமராவோடு போனது, உயிரோடு போகவில்லை. போதாததற்குக் கொள்ளிடத்தில் முதலைகளும் உண்டு.

மேட்டூரில் என்ன நடக்கிறது என்பதையும் கிளம்பும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கப்படி மேட்டூர் ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடும், ஆகவே உங்கள் விடுமுறையில் ஆற்றில் தண்ணீர் இருக்கும். அங்கே திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்துசேர மூன்று நான்கு நாள் ஆகும். வெள்ளக் காலத்தில் இன்னும் சீக்கிரம் வந்துவிடும். வடகிழக்கு மழை வலுத்து, வெளியேற்றம் இத்தனை ஆயிரம் கன அடி என்று செய்தியில் வர ஆரம்பித்தால் உபரி முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திரும்பும், அங்குள்ள பூங்காவையும் மூடிவிடக்கூடும்.

பாட்டிக்குக் காவிரியில் முழுக்குப் போட ஆசை இருக்கும், அதைத் தடுக்க வேண்டாம். ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறைக்கு அழைத்துப் போங்கள். ஊர்க்காரர்கள் இறங்குகிற அதே படியில், அவர்கள் நிற்கிற இடத்துக்குள்ளேயே, ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ள, செம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டால் போதும். பாசி பிடித்த படி வழுக்கும்.

பைனாகுலர் கட்டாயமில்லை, இருந்தால் சந்தோஷம். அதன்மேல் 8x32, 10x50 என்று எழுதியிருக்கும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். கடைக்காரர் பெரிய எண்ணைத்தான் நீட்டுவார். 10x50 பிள்ளைகள் கையில் கனக்கும், கை நடுங்குவதும் பத்து மடங்காகத் தெரியும். 8x30 அல்லது 8x32 எடுங்கள். பெரியவர்களுக்கு மட்டும் என்றால் 8x42. வாங்கும்போது கடையிலேயே இரண்டு மூன்று மீட்டரில் உள்ள ஏதாவது எழுத்தைப் பார்த்துக் கூர்மையாகத் தெரிகிறதா என்று சோதியுங்கள், வண்ணத்துப்பூச்சி பார்க்க அது வேண்டும். பிள்ளைகள் பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு பறவையைத் தேடுவார்கள், கிடைக்காது. வெறும் கண்ணால் பறவையைப் பிடித்து, பார்வையை எடுக்காமல், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கிளம்பும் முன் வீட்டு மாடியில் காக்கையை வைத்து இரண்டு நாள் பழகினால் போதும்.

கல்லணைக்கு மறுநாள் நான்கு மணிக்கு மேல் போங்கள். கரிகாலன் கட்டியதாகச் சொல்லும் அந்தப் பழைய அணை ஆற்று மணலில் பெருங்கற்களைப் போட்டு அமிழவிட்டு, களிமண்ணை வைத்து, மேலே மறுபடி கல்லை அடுக்கியது. இந்த உத்தியைப் பார்த்துத்தான் மணலில் அடித்தளம் போடக் காட்டன் கற்றுக்கொண்டார். இங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் நான்காகப் பிரியும். பிள்ளைகள் நேற்று வரைந்த தாளை எடுத்துக் கடைசிக் கோடுகளைப் போட்டுக்கொள்ளலாம். வெயில் இறங்கியதும் கொக்குகள் கூட்டம் கூட்டமாக அடைய வரும். பாட்டிக்கு ஒரு மடக்கு நாற்காலி, எல்லோருக்கும் மூடிய ஷூ. மணலில் உடைந்த பாட்டில் கிடக்கும், செருப்பு போதாது.