செஸ் புரோகிராமை மேம்படுத்த கிராண்ட்மாஸ்டர் எதற்கு?

கணினி வேகமாகக் கணக்குப் போடும். ஆனால் போர்டில் எந்த நிலை நல்லது என்பதற்குப் புள்ளி போட யாராவது அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இதற்குப் பெயர் ‘மதிப்பீடு’. ஐபிஎம் நிறுவனத்தின் செஸ் கணினியான டீப் புளூவுக்கு அதில் உதவியவர் கிராண்ட்மாஸ்டர் (செஸ்ஸில் மிக உயர்ந்த பட்டம் பெற்றவர்) ஜோயல் பெஞ்சமின். முன்னால் சொந்தச் சிப்பாய் மறித்து நின்றாலும், பிறகு திறக்கக்கூடிய நிரலில் (போர்டில் மேலிருந்து கீழாகச் செல்லும் கட்டங்களின் வரிசையில்) நிற்கும் கோட்டைக்கு மதிப்பு உண்டு. இந்த மாதிரி நுணுக்கங்களைத்தான் அவர் சொல்லிக்கொடுத்தார். 1997இல் டீப் புளூ அப்போதைய உலகச் சாம்பியன் கஸ்பரோவை 3.5–2.5 என்று வென்றது.

எங்கள் திருக்கடலூர்ப் படகுகளில் மீன் காட்டும் கருவியை நினையுங்கள். திரையில் நிழல் விழும். அது மீன் கூட்டமா, பாறையா என்று பிரித்துச் சொல்ல அனுபவப்பட்ட கடலோடி வேண்டும். அந்தக் கண்ணுக்கு ஈடே இல்லை.

ஒவ்வொரு நகர்வையும் நிபுணரே புகட்டுகிறார் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, நகர்வைத் தேடித் தேர்வது கணினிதான். 2017இல் வந்த ஆல்பாஸீரோ என்ற புரோகிராமோ விதிகளை மட்டும் வைத்துத் தன்னோடு தானே ஆடிக் கற்றது.