வாசகர் கேள்வி – பதில்: குமரி மண்ணில் மெக்கடேமியா காய்க்குமா?

கேள்வி: குலசேகரம் அருகே, பால் வெட்டு முடிந்த ரப்பர் மரங்களை முறித்துவிட்டு மறுநடவு செய்யவிருக்கிறோம். வெளிநாட்டு உறவினர் ஒருவர் ஓட்டில் கீறல் போட்ட மெக்கடேமியா கொட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். அவற்றை முளைக்கவைத்து, ரப்பருக்குப் பதிலாக இம்மரத்தையே வளர்க்கலாமா?

— வாசகி, குலசேகரம்

பதில்: அக்கொட்டைகள் முளைக்கமாட்டா, ஓட்டில் கீறல் போட்டு விற்பவை பெரும்பாலும் வறுக்கப்பட்டவை. சுத்தியலால் அடித்தால் பருப்பும் சேர்ந்து நொறுங்கிவிடும் அளவுக்கு ஓடு கடினமானது என்பதாலேயே அந்தக் கீறல்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் மழைக்காடுகளே இம்மரத்தின் தாயகம். நம் மலைத்தோட்டங்களில் மிளகுக்கொடி படரவிடும் சில்வர் ஓக் மரமும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. நான்கு இனங்களில் இரண்டின் பருப்பையே உண்கிறார்கள். மற்றவற்றில் மரச்சீனிக் கிழங்கில் உள்ளதைப் போன்ற, சயனைடு தரும் கசப்புப் பொருள் மிகுதி.

மரம் வளர்வதில் சிக்கல் இராது, பூப்பதில்தான் சிக்கல். பூமொட்டு உருவாக இரவு வெப்பநிலை சில வாரங்களுக்கு 15 முதல் 18 பாகை செல்சியஸ் வரை இறங்குவது நல்லது; குலசேகரத்திலோ மார்கழியில்கூடப் பொதுவாக 20 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. ஆகவே, தழைத்து நிற்கும் மரத்தில் காய் அரிதாகவே இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். கிராம்பு விளையும் மாறாமலை போன்ற உயரமான இடங்களில் வாய்ப்புச் சற்றுக் கூடுதல். ஆனால் வேர்கள் ஆழமாக இறங்காததால் பலத்த காற்றை இம்மரம் தாங்காது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் நம் ரப்பர் மரங்களை என்ன பாடு படுத்தியது என்பதை நினைத்துக்கொண்டு, காற்று மறைவான, நீர் தேங்காத சரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாஸ்பரஸ் உரத்தைத் தாராளமாக இடுவதும் ஆகாது.

விதைக்கன்று காய்க்க 8 ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். ஒட்டுக்கன்று 4, 5 ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். அயல் மகரந்தம் கிடைத்தால் காய்ப்பு கூடும் என்பதால் வெவ்வேறு ரகத்தில் இரண்டு கன்றுகளாவது வேண்டும். முற்றிய காய்கள் தாமாக உதிரும். பொறுக்கியெடுத்து ஒரு நாளுக்குள் பச்சைத் தோலை நீக்கி, உள்ளே பருப்பு ஓட்டைவிட்டு விலகும்வரை மெதுவாக உலர்த்த வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே பருப்பு தேறும். எனவே மறுநடவை ரப்பரிலேயே செய்யுங்கள். ஆசைக்கு இரண்டு ஒட்டுக்கன்றுகளை வீட்டருகே நட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

கேள்வி: இந்தப் பருப்பை வளர்ப்பு நாய்க்குக் கொடுக்கலாமா?

— வாசகர், தக்கலை

பதில்: கூடாது. மனிதருக்குக் கேடு செய்யாத இப்பருப்பு, நாய்க்குப் பின்னங்கால் தளர்ச்சி, வாந்தி, நடுக்கம், காய்ச்சல் ஆகியவற்றை உண்டாக்கும். பெரும்பாலும் ஓரிரு நாளில் தெளிந்துவிடும் என்றாலும், தெரியாமல் தின்றுவிட்டால் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.