அந்த டம்ளரை முதல்ல கழுவி வைங்க: வக்கீலம்மா பதில்கள்

இந்த வாரம் வந்த லெட்டர்ல பாதிக்கு மேல டிஎன்ஏ பத்திதான். என்னாச்சு நம்ம ஊருக்குன்னு தெரியல.

கேள்வி: அப்பா தவறி ஒரு வருஷம் ஆச்சு, உயில் எழுதல. கொலுசு பட்டறையும் அதை ஒட்டி வீடும் இருக்கு. தம்பி பங்கு கேக்கறான். அவன் எங்கப்பாவுக்கு பொறந்தவன் இல்லைன்னு சொந்தத்துல ரொம்ப நாளா ஒரு பேச்சு, மூஞ்சி சாயலும் வேற. தீபாவளிக்கு வந்தப்ப அவன் தண்ணி குடிச்ச வெள்ளி டம்ளரை கழுவாம கவர்ல போட்டு பீரோல வச்சிருக்கேன். லேப்புக்கு அனுப்பினா கோர்ட்ல செல்லுமா? அம்மா இருக்காங்க, அவங்களுக்கு இது தெரியாது.
(பேர் வேண்டாம், செவ்வாய்பேட்டை)

பதில்: செல்லாதுங்க. அந்த டம்ளர்ல உங்க தம்பி எச்சில் இருக்கோ இல்லையோ, கவர்ல போட்ட உங்க கைரேகையும் வேர்வையும் கண்டிப்பா இருக்கும். கோர்ட் வழியா எடுத்தாத்தான் யார்கிட்ட எப்ப எடுத்தது, யார் சீல் வச்சது எல்லாத்துக்கும் கணக்கு இருக்கும், பீரோவுக்கு ஏதுங்க கணக்கு.

சரி, கோர்ட்லயே கேட்டு எடுக்கலாமேன்னா, அங்கதான் பெரிய முட்டுக்கட்டை. கல்யாணம் நிலைச்சிருக்கறப்ப பொறந்த குழந்தை, இல்ல கல்யாணம் முறிஞ்சு அம்மா மறுபடி கட்டிக்காம இருக்கறப்ப 280 நாளைக்குள்ள பொறந்த குழந்தை, அந்த புருஷனோட குழந்தைதான்னு 1872 சாட்சிய சட்டத்துல 112வது பிரிவு சொல்லுச்சு. இப்ப 2024 ஜூலையில இருந்து வந்த புது சட்டத்துல அதே சங்கதி 116வது பிரிவா இருக்கு. அந்த சமயத்துல புருஷனும் பொண்டாட்டியும் சேர வாய்ப்பே இல்லைன்னு நிரூபிச்சாத்தான் அதை உடைக்க முடியும். சாயல் வேற, சொந்தத்துல பேச்சு, இதெல்லாம் அதுல வராது. கேட்டதும் டெஸ்டுக்கு உத்தரவு போடக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் 1993லயே சொல்லிடுச்சு. 2021ல வந்த கேஸ் கிட்டத்தட்ட உங்க கதையேதான், சொத்து தகராறுல அக்கா தங்கச்சிங்க இவன் எங்க பெத்தவங்களுக்கு பொறந்தவனே இல்லைன்னு சொல்லி டெஸ்ட் கேட்டாங்க, அவர் முடியாதுன்னார், இஷ்டமில்லாதவரை கட்டாயப்படுத்த முடியாதுன்னு தீர்ப்பு வந்துச்சு. 2014ல ஒரு ஜீவனாம்ச கேஸ்ல டிஎன்ஏ ரிசல்ட்டை கோர்ட் ஏத்துக்கிட்டது உண்மைதான், ஆனா அங்க டெஸ்டுக்கு உத்தரவு போட்டதே கோர்ட்டுதான், கேட்டவர் புருஷன், அண்ணன் இல்ல.

சட்டத்தை விடுங்க, டெஸ்ட் என்ன சொல்லும்னு யோசிச்சீங்களா? அப்பா இல்லாததால உங்க ரெண்டு பேரையும்தான் ஒப்பிடணும். ஒரே அப்பா பசங்கன்னா, அப்பாகிட்ட இருந்து ஆம்பளைப் புள்ளைக்கு மட்டும் வர்ற ஒய் குரோமோசோம் ஒத்துப்போகும். ஆனா உங்க சித்தப்பா, பெரியப்பா, அவங்க பசங்க எல்லாருக்கும் அதே ஒய்தான், அதனால ஒத்துப்போனாலும் பேச்சு நிக்காது. ஒத்துப்போகலைன்னு வைங்க, ரெண்டு பேருக்கும் ஒரே அப்பா இல்லைன்னுதான் அது சொல்லும், யாரு வேறன்னு சொல்லாது. தம்பி பட்டறையில உக்காந்துகிட்டு "அப்ப அண்ணன்தான் வேற"ன்னா என்ன பண்ணுவீங்க?

இன்னொன்னு, உயில் இல்லைன்னா உங்க அம்மாவுக்கும் உங்க மாதிரியே ஒரு பங்கு உண்டு. தம்பி மேல நீங்க போடற கேஸ்ல கூண்டுல ஏறி பதில் சொல்லப் போறது அவங்கதான், அஸ்தம்பட்டி கோர்ட்ல, சொந்தக்காரங்க முன்னாடி, இந்த வயசுல. டம்ளரை கழுவுங்க. பாகப்பிரிவினைக்கு நல்ல வக்கீலா பாருங்க.

கேள்வி: 10 வாரத்துலயே அம்மா ரத்தத்துல குழந்தையோட டிஎன்ஏ தெரிஞ்சிடுமாமே, வெளிநாட்டுக்கு அனுப்பி ஆணா பொண்ணான்னு பாக்கலாமா?
(ஓமலூர்)

பதில்: தெரியும்தான். டவுன் சிண்ட்ரோம் மாதிரி கோளாறு இருக்கான்னு பாக்க வந்த டெஸ்ட் அது. ஆணா பொண்ணான்னு கேட்டாலே 1994 சட்டப்படி முதல் தடவைக்கு 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 50,000 வரைக்கும் அபராதம். இந்த சேலம் ஜில்லாவுல இருந்துகிட்டா இதை கேக்கறீங்க? அடுத்த லெட்டரை படிங்க.

கேள்வி: நான் தொட்டில் குழந்தை. வளத்தவங்க 18 வயசுல சொன்னாங்க. இப்ப 29. அம்மா யாருன்னு தெரிஞ்சுக்க டிஎன்ஏ டெஸ்டுக்கு எச்சில் கிட் வாங்கி அனுப்பலாமா?
(ஆத்தூர்)

பதில்: கண்ணு, பொறந்த பொண்ணைக் கொல்லாம அரசாங்க தொட்டில்ல விட்டுட்டுப் போகச் சொன்ன அந்த திட்டம் 1992ல நம்ம சேலத்துலதான் ஆரம்பிச்சது, ஏன்னு உனக்கே தெரியும். உன் பூர்வீகத்தை தேட உனக்கு உரிமை இருக்கு. 18 முடிஞ்சதால நீயே விண்ணப்பிக்கலாம், உனக்காக வேற யாரும் தேட முடியாது. தத்து குடுத்த நிலையத்துலயோ மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுலயோ முதல்ல கேளு. எங்க, எப்படி வந்து சேந்தங்கற விவரம் கிடைக்க வழி உண்டு. பெத்தவங்க பேரு கிடைக்குமாங்கறது வேற, அவங்க வேண்டாம்னா அதை மதிக்கணும்.

கிட் விஷயம் வேற மாதிரி. அந்த கம்பெனி லிஸ்ட்ல உன் சொந்தம் யாராவது இருந்தாத்தான் மேட்ச் வரும், அதுவும் பெரும்பாலும் அமெரிக்காவுல இருக்கற தூரத்து சொந்தமாத்தான் இருக்கும். நம்ம பக்கம் மாமன் மக, அத்தை மகன்னு தலைமுறை தலைமுறையா உள்ளுக்குள்ளயே கட்டறதால தூரத்து சொந்தம் கூட கிட்டத்து சொந்தமா காட்டும், நம்பி ஏமாந்துடாத. நீ அவருக்கு மெசேஜ் போடற, அவர் குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போடறார், யார்கிட்டயும் சொல்லாம 29 வருஷம் இருந்த ஒரு அம்மா அதை சமையல்கட்டுல நின்னு படிக்கறாங்க. அதனாலதான் ஆபீஸ் வழியை முதல்ல சொல்றேன். இப்படி கிட் விக்கற 23அண்ட்மீங்கற அமெரிக்க கம்பெனி 2025 மார்ச்ல திவால் மனு போட்டப்ப ஒன்றரை கோடி பேரோட டேட்டா யார் கைக்கு போகும்னு பெரிய கூத்தாச்சு, அதையும் மனசுல வச்சுக்கோ.

கேள்வி: ஏற்காடு மலையில எங்க ஊருக்கு ஒரு டீம் வந்து எங்க பாட்டி எச்சில் எடுத்துட்டு இங்கிலீஷ் பேப்பர்ல கைநாட்டு வாங்கிட்டு போச்சு. பிஸ்கட் பாக்கெட் குடுத்தாங்க. எதுக்குன்னு யாருக்கும் தெரியல. திருப்பி கேக்க முடியுமா?
(நாகலூர்)

பதில்: முடியும், கேக்கணும். ஐசிஎம்ஆர்ங்கற இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலோட 2017 வழிகாட்டுதல்படி புரியற பாஷையில விளக்கணும், படிக்கத் தெரியாதவங்கன்னா சம்பந்தமில்லாத ஒரு சாட்சி பக்கத்துல இருக்கணும், பேப்பர்ல ஒரு காப்பி குடுக்கணும், எப்ப வேணா விலகிக்கலாம். பாட்டி எச்சில்ல உங்க விவரமும் கால்பங்கு இருக்கு தம்பி, அதனால நீங்க கேக்கறதுலயும் தப்பில்ல. அமெரிக்காவுல அரிசோனாவுல ஹவாசுபாய்ங்கற பழங்குடிகிட்ட சர்க்கரை நோய்க்குன்னு 1990ல இருந்து ரத்தம் எடுத்து, அதை மனநோய் ஆராய்ச்சிக்கும் அவங்க பூர்வீகம் எதுன்னு தேடவும் யூஸ் பண்ணிட்டாங்க. அவங்க கேஸ் போட்டு 2010ல 7 லட்சம் டாலரும் மிச்ச ரத்தத்தையும் திருப்பி வாங்கினாங்க.

அந்த பேப்பர்ல ஆராய்ச்சி முறையா நடக்குதான்னு பாக்கற எதிக்ஸ் கமிட்டி அட்ரஸ் இருக்கணும், தமிழ்லயே எழுதி ஸ்பீட் போஸ்ட்ல போடுங்க. காப்பி பாட்டியோட சுருக்குப்பையில மடிச்சு கிடக்கான்னு முதல்ல பாருங்க.