லினக்ஸில் பாட்டுப் பதிவு – கடிதம்

வணக்கம்.

வீட்டில் கிடாரும் குரலும் பதிவுசெய்ய ஆரம்பித்திருக்கிறேன். லினக்ஸை விட்டு மாறும் எண்ணமில்லை. ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் கிடாரைப் பதிந்துவிட்டு அதன்மேல் பாடினால், ஹெட்ஃபோனில் என் குரல் எனக்கே பிந்திக் கேட்கிறது, தாளம் தவறுகிறது. எல்எம்எம்எஸ் போடச் சொல்கிறார் நண்பர். ஆர்டோர், ரீப்பர் என்கிறார்கள் வேறு சிலர். எதை எடுக்கலாம்? காசு கொடுத்துத்தான் ஆகவேண்டுமா?

கே.

அன்புள்ள கே.,

குரல் பிந்துவதற்காக மென்பொருளை மாற்றினால், புதியதிலும் அது பிந்தத்தான் செய்யும். ஒலி கணினிக்குள் பஃபர் எனும் சிறு தொகுப்புகளாகப் போய்வருகிறது. நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியை அளந்தெடுக்கும் துளிகள்) என்ற கணக்கில், 1024 சாம்பிள் பஃபர் ஒன்று நிரம்பவே 21 மில்லிசெகண்டு ஆகும். உள்ளே போக ஒன்று, வெளியே வர ஒன்று, இன்டர்ஃபேஸ் (மைக்கையும் கிடாரையும் கணினியோடு இணைக்கும் பெட்டி) தன் பங்குக்குச் சேர்ப்பது வேறு. பாடுகிறவருக்கு இது நன்றாகவே தெரியும். பஃபரை 128 ஆக்குங்கள். 21 என்பது மூன்றுக்கும் கீழே வந்துவிடும். பட்பட் என்று சத்தம் வெடித்தால் 256க்கு ஏறுங்கள். மிக்ஸிங்கின்போது மறுபடி 1024 வைத்துக்கொள்ளலாம், அப்போது யாரும் பாடப்போவதில்லை.

இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் பட்டன் இருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம். குரல் கணினிக்குள் போகாமலே ஹெட்ஃபோனுக்கு வந்துவிடும். மென்பொருளில் மானிட்டரிங்கை (உங்கள் குரலை உங்களுக்கே திருப்பிக் கேட்கவைக்கும் வசதியை) மட்டும் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் இரண்டு குரல் கேட்கும்.

சரி, மென்பொருள். எல்எம்எம்எஸ் பீட்டும் சிந்தசைசர் ஒலிகளும் வைத்து இசை கட்டுகிறவர்களுக்கானது. 1.2 பதிப்பில் மைக்கிலிருந்து பதிவுசெய்யும் வசதியே இல்லை. நண்பர் எந்த வேலைக்கு அதைப் பயன்படுத்துகிறார் என்று கேட்டுப்பாருங்கள். ஆடாசிட்டி ஒரு பேச்சைப் பதிந்து வெட்டி ஒட்ட அருமையானது. பத்து டிராக்கோடு அதில் மல்லுக்கட்ட வேண்டாம்.

உங்களுக்கு நான் சொல்வது ஆர்டோர். மென்பொருள்களுக்கிடையே ஒலியைக் கடத்தும் ஜாக் ஒலி சர்வரைத் தொடங்கிய பால் டேவிஸ்தான் இதையும் தொடங்கினார். லினக்ஸ் ஒலிப்பதிவின் வளைவு நெளிவெல்லாம் அதற்குத் தெரியும். ஒரு உதாரணம்: ஆடியோ செட்டப்பில் ஆல்சாவை (ஒலிக் கருவிகளை நேரடியாக இயக்கும் லினக்ஸின் அடிப்படை அமைப்பை) தேர்ந்தெடுத்து, இன்டர்ஃபேஸின் அவுட்புட்டை ஒரு கேபிளால் அதன் இன்புட்டிலேயே செருகி, கேலிபிரேட் கொடுத்தால், ஒலி போய்வரும் நேரத்தை அதுவே அளந்து, நீங்கள் பாடியதை அவ்வளவு முன்னால் தள்ளி வைத்துவிடும். டிராக்கைக் கையால் இழுத்துச் சரிசெய்யும் வேலை மிச்சம். ஆல்சாவை எடுத்தால் இன்டர்ஃபேஸ் முழுக்க ஆர்டோர் வசம் போய்விடும், பிரவுசரில் பாட்டு ஓடாது. பயந்துவிடாதீர்கள். அது தொந்தரவாக இருந்தால் ஜாக்கைத் தேர்ந்தெடுங்கள். இப்போதைய டிஸ்ட்ரோக்கள் (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகள்) பெரும்பாலானவற்றில் பைப்வயர் என்ற ஒலி சர்வரே ஜாக் வேலையையும் பார்த்துவிடும்.

ரீப்பர் திறந்த மூலம் அல்ல. ஆனாலும் லினக்ஸுக்கென்றே தனிப் பதிப்பு உண்டு, இலகுவானது, 60 நாள் முழுதாக ஓட்டிப் பார்க்கலாம். ரீப்பரில் வேலைசெய்கிறவர்களோடு புராஜெக்ட்டைக் கைமாற்ற வேண்டுமானால் யோசிக்காமல் அதை எடுங்கள். மெனுக்கள் மட்டும் கொஞ்சம் காடு.

பிளக்இன்னையும், அதாவது ஒலியை மெருகேற்றச் சேர்த்துக்கொள்ளும் துணை மென்பொருளையும் பார்த்துக்கொள்ளுங்கள். எல்எஸ்பி, எக்ஸ்42 தொகுப்புகளில் ஈக்யூ (கட்டை, கீச்சு ஒலிகளைச் சீராக்குவது), கம்ப்ரசர் (சத்த ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது) எல்லாம் இலவசமாகவே கிடைக்கும். ரிவர்புக்கு (அறையின் எதிரொலிப்புக்கு) டிராகன்ஃபிளை. விண்டோஸ் பிளக்இன்களை வைன், யாபிரிட்ஜ் (விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்ட உதவுபவை) வழியாக ஓட்டலாம்தான், ஆனால் லைசென்ஸ் பூட்டு போட்டவை பல நேரம் அடம்பிடிக்கும். அதை நம்பி ஒன்றை விலைக்கு வாங்காதீர்கள்.

காசு விஷயம்: ஆர்டோரின் மூலநிரல் இலவசம், தயார்நிலைப் பதிப்புக்குத்தான் அவர்கள் தளத்தில் பணம் கேட்பார்கள். உங்கள் டிஸ்ட்ரோவின் மென்பொருள் களஞ்சியத்தில் இருப்பதைப் பைசா செலவில்லாமல் போட்டுக்கொள்ளலாம், சற்றுப் பழைய பதிப்பாக இருக்கலாம், அவ்வளவுதான். முதல் நாலைந்து பாட்டுக்கு அதுவே போதும். அப்புறம் பிடித்துப்போனால் அவர்களுக்கு ஏதாவது கொடுங்கள்.