கேள்வி-பதில்: லாரி ஓட்டினாலும் ஓட்டுவேன்!

கல்லூரி மாணவி, நாகர்கோவில்: தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் இரண்டு ரெக்கார்டுகள் கிடைத்தன. ஒன்றில் ‘ரிக்கி நெல்சன்’, இன்னொன்றில் ‘ரிக் நெல்சன்’. இருவரும் அண்ணன் தம்பியா?

ஒரே ஆள்தான் அம்மா, அமெரிக்கப் பாடகர். அண்ணன் ஒருவர் உண்டு, அவர் பெயர் டேவிட். தம்பிக்கு 1961-ல் 21 வயது முடிந்தது. ‘இனி நான் ரிக்கி இல்லை, ரிக்’ என்று ரெக்கார்டு உறையில் பெயரை மாற்றிக்கொண்டார். ஊர் கேட்குமா? ஐம்பது வயதுப் பெரியப்பாவை நாம் இன்னும் ‘குட்டி’ என்று கூப்பிடுவதில்லையா, அதே கதைதான்.

அமெரிக்க ஜனங்களுக்கு அவர் வீட்டுப் பிள்ளை. அப்பா ஆஸி நெல்சன் சொந்தமாக இசைக்குழு நடத்தியவர், அம்மா ஹாரியட் அதில் பாடகி. குடும்பமே தன்னைத்தானே நடித்த ஒரு ரேடியோ தொடர் ஓடியது. ரிக்கி அதில் சேர்ந்தபோது வயது எட்டு. 1952-ல் அது டி.வி.க்கு வந்து 1966 வரை நடந்தது. நடுவில், 1957-ல், பையன் பாட ஆரம்பித்தான். தான் விரும்பிய பெண், ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லிமேல் பைத்தியமாக இருந்ததால், ‘நானும் ரெக்கார்டு போடப்போகிறேன்’ என்று வீம்புக்குச் சொல்லி மாட்டிக்கொண்டதாக அவரே சொன்ன கதை. மறு வருஷம் ஆகஸ்டில் ‘பில்போர்டு’ பத்திரிகை, பிரபலமான பாட்டுகளை வரிசைப்படுத்தும் ‘ஹாட் 100’ பட்டியலைத் தொடங்கியபோது, அதில் முதன்முதலாக முதலிடத்தில் உட்கார்ந்தது இவருடைய ‘புவர் லிட்டில் ஃபூல்’. 1962-ல் ‘டீனேஜ் ஐடல்’ என்ற தலைப்பிலேயே ஒரு பாட்டும் பாடிவிட்டார்.

ரெக்கார்டுகளை வெயில் படும் இடத்தில் வைத்துவிடாதீர்கள். அப்பளமாகிவிடும்.

வாசகர், கரூர்: ராக் பாடிப் பேர் வாங்கியவர் மார்க்கெட் போனதும் கன்ட்ரி என்கிற அமெரிக்கக் கிராமியப் பாட்டுக்குக் கட்சி மாறினார் என்று சொல்லலாமா?

பாதி சொல்லலாம். 1963-ல் டெக்கா ரெக்கார்டு கம்பெனி அவரோடு 20 வருஷ ஒப்பந்தம் போட்டது. 1964 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழு அமெரிக்காவில் வந்து இறங்கியது, ஊரே அவர்கள் பின்னால் போனது. அந்தச் சமயத்தில் ‘ஃபார் யூ’ என்ற பாட்டு முதல் பத்துக்குள் வந்ததோடு சரி. அடுத்து அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க நெல்சனுக்கு எட்டு வருஷம் ஆனது. 1966-ல் டி.வி. தொடரும் நின்றது. அதே வருஷம்தான் முதல் கன்ட்ரி ஆல்பம், மறு வருஷம் இன்னொன்று. தேதிகளை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி மாதிரித்தான் தெரியும்.

காது வேறு சொல்கிறது. 1961-ல் வந்த ‘ஹலோ மேரி லூ’வைப் போட்டுக் கேளுங்கள். நடுவில் கிடார் தனியாகப் பேசும் இடம் வரும். சில விநாடிதான். வாசித்தவர் ஜேம்ஸ் பர்ட்டன். லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில், ‘லூசியானா ஹேரைடு’ என்ற கன்ட்ரி மேடையில் விடலைப் பையனாக வாசித்துக் கை பழகியவர். (பின்னாளில், 1969 முதல், எல்விஸுக்கு வாசித்தவரும் இவரே.) கம்பியைச் சுண்டிச் சுண்டித் துள்ளவிடும் அந்த வாசிப்பு பச்சைக் கன்ட்ரி. ராக் அண்ட் ரோலே கறுப்பர்களின் ரிதம் அண்ட் ப்ளூஸும் வெள்ளைக்காரக் குடியானவர்களின் கன்ட்ரியும் ஒரே சட்டியில் கொதித்ததுதானே? நெல்சன் கட்சி மாறவில்லை. கொல்லைப்புறத்தில் கிடந்ததை வாசலுக்குக் கொண்டுவந்து போட்டார்.

1969-ல் ‘ஸ்டோன் கேன்யன் பேண்ட்’ என்று புதுக் குழு சேர்த்தார். பேஸ் கிடாருக்கு ராண்டி மைஸ்னர். இவர் பிறகு ஈகிள்ஸ் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஸ்டீல் கிடாருக்கு, கன்ட்ரி உலகில் பெரும்புள்ளியான பக் ஓவன்ஸின் குழுவிலிருந்து டாம் பிரம்லி. மார்க்கெட்டுக்காக மட்டும் கடை போடுகிறவர் இப்படி ஆள் தேடிப் பிடிக்க மாட்டார்.

இல்லத்தரசி, சிதம்பரம்: ஸ்டீல் கிடார் என்றால் இரும்பில் செய்த கிடாரா?

இல்லை. விரல் வைத்து அழுத்துவதற்குப் பதில் ஓர் உலோகத் துண்டைக் கம்பிகள்மேல் வழுக்கவிட்டு வாசிப்பது. நம் கோட்டுவாத்தியத்தில் கட்டையை உருட்டுகிறார்களே, அந்த வேலை. பிரம்லி வாசித்த வகைக்கு மேஜை போலக் கால்களும், கீழே மிதிகளும் உண்டு. மிதித்தால் சுருதி வளையும். அழுது முடித்தவர் மூக்கை உறிஞ்சுவதுபோல ஒரு இழுப்பு வரும் பாருங்கள், அதற்காகவே கன்ட்ரி கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அடியேன் அந்த ரகம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்குடி: மேடையில் ரசிகர்கள் கூச்சல் போட்டு அவரை விரட்டினார்கள் என்பது உண்மையா?

கூச்சல் உண்மை. இடம் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன், தேதி 1971 அக்டோபர் 15. பழைய ராக் நட்சத்திரங்களைத் திரும்ப மேடையேற்றும் நிகழ்ச்சி. சக் பெர்ரி, போ டிட்லி, பாபி ரைடல் எல்லாரும் இருந்தார்கள். வந்த கூட்டத்துக்கு வேண்டியது 1958. நெல்சனோ தோள்வரை தொங்கும் முடியும் பெல்பாட்டமுமாக வந்து நின்றார். பழைய பாட்டுக்குக் கைதட்டல் கிடைத்தது. அப்புறம் ரோலிங் ஸ்டோன்ஸின் ‘கன்ட்ரி ஹாங்க்’கை எடுத்தார். எழுந்தது சத்தம்.

பின்வரிசையில் கலாட்டா செய்தவர்களைப் போலீஸ் அப்புறப்படுத்தியதற்குத்தான் அந்தச் சத்தம் என்று சொல்கிறவர்களும் உண்டு. இருக்கலாம். ஆனால் மேடையில் நிற்பவனுக்கு அது யாரைப் பார்த்து வருகிறது என்று எப்படித் தெரியும்? தனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். கடைசியில் எல்லாரும் சேர்ந்து பாடவும் மேடைக்கு வரவில்லை.

வீட்டுக்குப் போய் அதையே பாட்டாக எழுதினார்: ‘கார்டன் பார்ட்டி’. மேரி லூவுக்கு வணக்கம் சொன்னதுவரை சரி, இன்னொரு மாதிரிப் பாட்டு எடுத்தேன், கிளம்பும் நேரம் வந்துவிட்டது என்று கதை போகிறது. எல்லாரையும் திருப்திப்படுத்த முடியாது, உன் மனசுக்குப் பிடித்ததைச் செய் என்பது பல்லவி. கடைசிச் சரணத்தில் ஒரு போடு போடுகிறார்: பழைய ஞாபகங்களை மட்டும்தான் பாட வேண்டுமென்றால் அதற்கு லாரி ஓட்டப் போகலாம்! (எல்விஸ் பாட வருவதற்கு முன் மெம்பிஸில் ஓட்டியதும் லாரிதான்.) 1972-ல் அது ஹாட் 100-ல் 6-ஆம் இடம்வரை ஏறி, பத்து லட்சம் விற்றது. வேடிக்கை என்னவென்றால், கன்ட்ரி பட்டியலில் முதல் நாற்பதுக்குள்கூட வரவில்லை. அந்த வீட்டார் இவரைத் திண்ணையோடு நிறுத்திவிட்டார்கள்.

வாசகர், சேலம்: காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவன் பழைய பாட்டைக் கேட்டால் தப்பா?

தப்பே இல்லை. ‘பழைய பாட்டு’ என்று போஸ்டர் ஒட்டிய இடத்துக்குப் புதுப் பாட்டோடு போனவர் நெல்சன். கூச்சல் போட்டதுதான் அதிகம். பிடிக்காவிட்டால் எழுந்து போய் ஒரு காபி குடித்துவிட்டு வரலாமே.

வாசகர், தூத்துக்குடி: இப்படி மாறி ஜெயித்தவர் யாருமே இல்லையா?

கான்வே ட்விட்டி. அர்கன்ஸாவில் கான்வே, டெக்ஸாஸில் ட்விட்டி என்று இரண்டு ஊர்ப் பெயர்களை ஒட்டி வைத்துக்கொண்ட பெயர். 1958-ல் ராக் பாட்டில் முதலிடம். அறுபதுகளின் நடுவில் கன்ட்ரிக்குப் போய் பில்போர்டு கன்ட்ரி பட்டியலில் நாற்பது முறை முதலிடம். அவர் டி.வி.யில் வளர்ந்த பிள்ளை இல்லை என்பது ஒரு வசதி. அவர் இன்னும் சின்னப் பையனாகவே இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

வாசகி, புதுச்சேரி: நெல்சன் கடைசியில் லாரி ஓட்டினாரா?

இல்லை, ஞாபகங்களைத்தான் பாடினார். 1985-ல் பழைய ராக் அண்ட் ரோல் பாடகர் ஃபேட்ஸ் டாமினோவோடு சேர்ந்து மேடை ஏறினார். 1957-ல் முதல் ரெக்கார்டில் பாடியது அதே டாமினோவின் பாட்டு. 1985 டிசம்பர் 31, அலபாமாவின் கன்டர்ஸ்வில்லிலிருந்து டல்லஸில் புத்தாண்டுக் கச்சேரிக்குப் போகும் வழியில், அவருடைய பழைய டிசி-3 விமானத்தில் தீப்பிடித்து, டெக்ஸாஸின் டிகால்ப் அருகே இறங்கியது. பயணிகள் ஏழு பேரும் போய்விட்டார்கள். விமானிகள் இருவர் பிழைத்தார்கள். நெல்சனுக்கு வயது 45.

அதே வாசகி: உங்களுக்கு எப்படி இவர்மேல் இத்தனை பிரியம்?

அந்தச் செய்தியைப் பேப்பரில் பார்த்துவிட்டு, சென்னையில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) ஒரு முழுநீளப் பேப்பரில் பட்டியல் எழுதி, 60 நிமிஷ கேசட்டோடு கொடுத்தேன். கடைக்காரர் கணக்கில் சூரர். இடம் போதாததால், கடைசிப் பாட்டான ‘கார்டன் பார்ட்டி’ இரண்டாவது சரணத்தோடு ‘டக்’கென்று நின்றுவிடும். பாட்டே அவ்வளவுதான் என்று பதினைந்து வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். சி.டி. வாங்கிய பிறகுதான் லாரி வந்தது.