சித்தப்பா பெட்டியா, பெங்களூர் நண்பன் புத்தகமா?

கேள்வி: சித்தப்பா வெளிநாடு போகும்போது எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போன பெட்டியில் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ (ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதைக்குள் சாகசம் செய்யும் மேஜை ஆட்டம்) இரண்டாம் பதிப்புப் புத்தகங்களும், இரண்டு சாகசக் கையேடுகளும் (ஆடத் தயாரான கதைகள்) இருக்கின்றன. பெங்களூரில் வேலை பார்க்கும் நண்பனிடம் 2014 ஐந்தாம் பதிப்பு இருக்கிறது. கோவையில் படிக்கும் இன்னொருவன் ‘3.5தான் கெத்து’ என்கிறான். தீபாவளி லீவில் எல்லாரும் ஊருக்கு வருகிறோம். என்னையும் சேர்த்து ஆறு பேர். அதில் இரண்டு பேர் எட்டாவதும் ஒன்பதாவதும் படிக்கும் அக்கா பிள்ளைகள். டிஎம்மாக (கதையைச் சொல்லி, எதிரிகளை ஆட்டி வைப்பவராக) இருந்து நடத்தப்போவது நான். மழைக்காலத்தில் இங்கே கரண்டையும் நெட்டையும் நம்ப முடியாது. எந்தப் பதிப்பில் ஆடலாம்? கலந்து ஆடலாமா? 2024 புத்தகம் வாங்கியே ஆக வேண்டுமா?
– கோத்தகிரி வாசகர்

பதில்: ஐந்தாம் பதிப்பில் ஆடுங்கள். நண்பரிடம் இருக்கும் 2014 புத்தகமே போதும். சித்தப்பா பெட்டியிலிருந்து கதையை எடுத்துக்கொள்ளுங்கள், விதியை எடுக்காதீர்கள். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். கோவைக்காரரைச் சமாதானப்படுத்த வேண்டுமென்றால் மேலே படியுங்கள்.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-ல் வெளியிட்ட இந்த ஆட்டம் ஒரே ஆட்டமாக இருந்ததே இல்லை. 1977-க்குப் பிறகு ‘அட்வான்ஸ்டு’ என்றும் ‘பேசிக்’ என்றும் இரண்டு கிளையாக ஓடியது. 1989-ல் இரண்டாம் பதிப்பு, 2000-ல் மூன்றாவது, 2003-ல் அதையே திருத்திய 3.5, 2008-ல் நான்காவது, 2014-ல் ஐந்தாவது, 2024-ல் அதற்கு ஒரு திருத்தம். நீலகிரிக்காரர்களுக்கு இது புதுசல்ல. ஜபல்பூரில் 1875-ல் பொழுதுபோக்காகத் தொடங்கிய ஸ்னூக்கருக்கு ஊட்டி கிளப்பில்தான் விதிகளை எழுதி மாட்டினார்கள். எழுதி மாட்டிய பிறகும் அந்த விதிகள் மாறிக்கொண்டுதான் இருந்தன.

இரண்டாம் பதிப்பின் சிக்கல் என்னவென்று கோப்ளின் என்ற குட்டிப் பூதத்தை வைத்தே பார்க்கலாம். அதன் ஆர்மர் கிளாஸ், அதாவது பாதுகாப்பு எண், 6. அந்தப் பதிப்பில் ஆர்மர் எண் குறையக் குறையப் பாதுகாப்பு கூடும். முதல் லெவல் வீரனின் தாக்கோ (ஆர்மர் 0 உள்ள எதிரியை அடிக்க விழ வேண்டிய எண்) 20. இருபதிலிருந்து ஆறைக் கழித்தால் 14; இருபது முகப் பகடையில் 14 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி பட்டது. கழித்தல் கணக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பெரிய விஷயம் இல்லை. குழப்பம் வேறு இடத்தில். தாக்கும்போது பகடையில் பெரிய எண் நல்லது. நீச்சல், மலையேற்றம் போன்ற திறமைச் சோதனையில் சின்ன எண் நல்லது. திருடன் பூட்டைத் திறக்கும்போது நூறுக்குள் சதவீதப் பகடை, அதிலும் சின்ன எண். யார் முந்துவது என்று பார்க்கப் பத்து முகப் பகடை, மறுபடி சின்ன எண். உருட்டிவிட்டு ஒவ்வொரு முறையும் ‘இது நல்லதா கெட்டதா மாமா?’ என்று பிள்ளைகள் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

அப்புறம் நேரம். உங்களுக்கு இருப்பது ஒரு தீபாவளி லீவு. இரண்டாம் பதிப்பில் வீரன் இரண்டாம் லெவலுக்குப் போக 2000 அனுபவப் புள்ளி வேண்டும், மந்திரவாதிக்கு 2500. ஒரு கோப்ளினைக் கொன்றால் 15, அதையும் எல்லாரும் பங்கு போட வேண்டும். ஐந்தாம் பதிப்பில் யாராக இருந்தாலும் 300 போதும்; நன்றாக ஆடினால் ஓரிரு அமர்விலேயே லெவல் ஏறும். மந்திரவாதியாக ஆசைப்படும் பிள்ளை இரண்டாம் பதிப்பில் நான்கு முகப் பகடை அளவுக்கு ஹிட் பாயின்ட்டும் (உயிர்ப் புள்ளி), நாளுக்கு ஒரே ஒரு மந்திரமும் வைத்துக்கொண்டு தொடங்கும். அது முடிந்ததும் கத்தி வீச வேண்டியதுதான். ஹிட் பாயின்ட் பூஜ்ஜியம் ஆனால் ஆள் காலி. ஐந்தாம் பதிப்பில் தீப்பொறி போன்ற சின்ன மந்திரங்களை எத்தனை தடவை வேண்டுமானாலும் விடலாம். கீழே விழுந்தாலும் மூன்று வெற்றியா மூன்று தோல்வியா என்று பகடை உருட்டிப் பார்க்கும் அவகாசம் உண்டு. பழைய ஆட்டக்காரர்கள் இதைச் செல்லம் கொடுப்பது என்பார்கள். இருக்கட்டும், லீவு முடியும்வரை பிள்ளைகள் மேஜையில் இருக்க வேண்டுமே.

3.5 கெத்துதான், மறுக்கவில்லை. ஒரு கேரக்டரை உட்கார்ந்து செதுக்குவதில் இருக்கும் சுகம் வேறு எந்தப் பதிப்பிலும் அவ்வளவு கிடையாது. ஆனால் அந்தச் சுகம் ஆடுகிறவருக்கு, பாரம் முழுக்க நடத்துகிறவருக்கு. ஒவ்வொரு போனஸுக்கும் ஒரு வகை உண்டு. ஒரே வகையில் இரண்டு இருந்தால் பெரும்பாலும் கூட்டக் கூடாது. எதிரியின் பக்கத்திலிருந்து நகர்ந்தால் அவனுக்கு ஓர் இலவச அடி, அது எப்போது உண்டு எப்போது இல்லை என்பதற்குத் தனி அட்டவணை. மல்லுக்கட்டு விதியைப் பற்றி நான் பேசவே போவதில்லை. கரண்ட் போன நேரத்தில் டார்ச் அடித்து இதையெல்லாம் புரட்ட வேண்டாம். கோவைக்காரரை அடுத்த லீவில் ஒரு நாள் நடத்தச் சொல்லுங்கள், அவரே பேச்சைக் குறைத்துக்கொள்வார்.

நான்காம் பதிப்பு உங்களிடம் இல்லை, தேடவும் வேண்டாம். கட்டம் போட்ட பலகையும் பொம்மைகளும் இல்லாமல் அதை ஆடுவது சிரமம். ஒரு சண்டைக்கே ஒரு மணி நேரம் போய்விடும்.

2024 விஷயம். புதிதாக வாங்குகிறவர் என்றால் 2024 வாங்கலாம். ஆயுதம் பிடிப்பவர்களுக்குச் சுவாரசியம் கூடியிருக்கிறது, குணப்படுத்தும் மந்திரங்கள் வலுத்திருக்கின்றன. ஆனால் கையில் 2014 இருக்கும்போது காசைக் கொட்டத் தேவையில்லை. இரண்டையும் ஒரே மேஜையில் வைத்தால் எங்கே உதைக்கும் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். 2014-ல் பலம், அறிவு போன்ற எண்களுக்கான கூடுதல் புள்ளி பாத்திரத்தின் இனத்திலிருந்து (எல்ஃப், டிவார்ஃப் போன்றவை) வருகிறது. 2024-ல் அது பின்னணியிலிருந்து (பாத்திரத்தின் முந்தைய வாழ்க்கை) வருகிறது. இனத்தை அங்கே, பின்னணியை இங்கே எடுத்தால் ஒருவருக்கு இரட்டைப் புள்ளியும் இன்னொருவருக்கு ஒன்றுமே இல்லாமலும் போகும். யாராவது ஃபோனில் ஒரு செயலியைத் திறந்து கேரக்டர் செய்தால், அது எந்த ஆண்டு விதி என்று முதலில் கேளுங்கள்.

சரி, சித்தப்பாவின் சாகசக் கையேட்டை ஐந்தாம் பதிப்பில் எப்படி நடத்துவது? வரைபடம், ஊர், வில்லன், பொறி எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பூதங்களை மட்டும் கணக்குப் போட்டு மாற்றாதீர்கள். ‘இருபதிலிருந்து பழைய ஆர்மர் எண்ணைக் கழி’ என்று ஒரு சூத்திரம் சுற்றுகிறது. இரண்டாம் பதிப்பில் ஓகர் என்ற பெரிய பூதத்தின் ஆர்மர் 5, சராசரி ஹிட் பாயின்ட் 19. சூத்திரப்படி புது ஆர்மர் 15 வர வேண்டும். ஆனால் 2014 புத்தகத்தில் ஓகரின் ஆர்மர் 11, ஹிட் பாயின்ட் 59. அதாவது புது ஓகரை அடிப்பது சுலபம், சாய்ப்பது கஷ்டம். அதனால் பெயரைப் பார்த்து, அதே பெயருள்ள பூதத்தைப் புதிய விதியிலிருந்து எடுத்து வையுங்கள்.

எண்ணிக்கையைக் குறைக்க மறக்காதீர்கள். பழைய கையேடுகள் கோப்ளின்களைக் கும்பலாக நிறுத்தும். 2014 கணக்கில் முதல் லெவல் ஆட்டக்காரர்கள் ஐந்து பேருக்கு நான்கு கோப்ளினே ‘கடினம்’ என்ற பிரிவில் வருகிறது. பத்து என்று போட்டிருந்தால் நான்கை நிறுத்திவிட்டு, மிச்சத்தை அடுத்த அறைக்கு அனுப்புங்கள். மந்திர வாள், மந்திரக் கவசத்திலும் கை இறுக்கமாக இருக்கட்டும். புதுப் பதிப்பின் கணக்கு அவை இல்லாமலே ஓடும்படி போடப்பட்டது.

பழைய விதியில் ஒன்றே ஒன்றை மட்டும் தாராளமாகக் கடன் வாங்கலாம்: மோரேல், அதாவது எதிரியின் மன உறுதி. பாதிக் கூட்டம் விழுந்ததும் பத்து முகப் பகடை இரண்டை உருட்டுங்கள். பழைய புத்தகத்தில் அந்தப் பூதத்துக்குப் போட்டிருக்கும் மோரேல் எண்ணைத் தாண்டிவிட்டால் மிச்சப் பேர் ஓட்டம் எடுப்பார்கள் அல்லது சரணடைவார்கள். சண்டை சீக்கிரம் முடியும். பிடிபட்டவனிடம் பிள்ளைகள் விசாரணை நடத்துவார்கள் பாருங்கள், அதுதான் வேடிக்கை.

நம் ஊர்ப் பக்கமே கதையை வைக்க ஆசை வந்தால் குன்னூர் பக்கத்து ட்ரூக் கோட்டை இருக்கிறது. பகாசுரன் மலை என்ற பெயரே பாதிக் கதை சொல்லிவிடும். இடிந்த மதில், மூடுபனி, கீழே சமவெளி, வேறென்ன வேண்டும்? ஒன்று மட்டும்: தோடர், கோத்தர், குறும்பர் என்று நம்மோடு வாழும் மக்களை எல்ஃப், டிவார்ஃப் மாதிரி ஆட்ட இனமாக்கி எண் போட வேண்டாம். மேஜையில் கேலியாக முடியும்.

கடைசியாக, மழைக்கு முன் செய்ய வேண்டியது. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பு, எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வந்துவிட்டது. நானூறு பக்கத்துக்குக் கொஞ்சம் மேல். முழுதாக அச்செடுக்க வேண்டாம். சண்டை விதி, முதல் லெவல் மந்திரங்கள், உங்கள் கதைக்கு வேண்டிய பூதங்கள், இவற்றை மட்டும் ஜெராக்ஸ் கடையில் எடுத்துக்கொள்ளுங்கள். நண்பரின் புத்தகம் நடுவில் இருக்கட்டும். சித்தப்பாவின் புத்தகங்களைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயில் படாத, காற்றோட்டமான அலமாரியில் வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் மூடிய பெட்டிக்குள் பூசணம் பிடிக்கும். பகடை ஒரு செட் எல்லாருக்கும் போதாது. ‘அட்வான்டேஜ்’ (சாதகமான நிலை) வரும்போதெல்லாம் இருபது முகப் பகடை இரண்டை உருட்ட வேண்டியிருக்கும், அதனால் கோவையிலிருந்து வருகிறவரிடம் அதை மட்டும் நாலைந்து கூடுதலாக வாங்கி வரச் சொல்லுங்கள்.